மூட்டைப்பூச்சிக்கு மூன்று தடவை காசு கட்டிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வண்ணாரப்பேட்டை மாடிவீடு:

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே மாடிப்படிக்கு நான்கு குடித்தனம் உள்ள வீடு எங்களுடையது. நடுச்சுவர் எல்லாம் பொது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் எங்கள் சுவர்க் கடிகாரம் ஆடும். போன மார்ச்சில் என் பெண்ணுக்குக் கையில் வரிசையாக மூன்று நான்கு தடிப்பு வந்தது. கொசு என்று நினைத்துக் கொசுவத்தியை மாற்றினோம், வியர்க்குரு என்று மாமியார் சொன்னதால் நுங்குத் தண்ணீர்கூடத் தடவினோம். கடைசியில் ஒரு ராத்திரி 2 மணிக்கு எழுந்து டார்ச் அடித்து மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தால், பேனா மையைத் தெளித்தது மாதிரி கரும்புள்ளிகள், நடுவில் கொள்ளுப் பயற்றைத் தட்டையாக்கி வைத்தது மாதிரி நாலைந்து மூட்டைப்பூச்சி. இரண்டு மாதம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளைவுட் கட்டிலில் வந்தவை. 2,500 ரூபாய்க்குக் கட்டில் லாபம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

முதலில் வந்த ஆள் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கட்டிலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருபது நிமிடம், 900 ரூபாய், வீடு முழுக்க மண்ணெண்ணெய் மாதிரி வாடை. ஒரு வாரம் நிம்மதி. பன்னிரண்டாம் நாள் திரும்பவும் கடி. போன் செய்தால் "அது புதுசா வந்த பூச்சி சார், அடிச்சா அதுக்குத் தனி சார்ஜ்" என்றார். நானும் கொடுத்தேன். அதே டேங்க், அதே வாடை, அதே பன்னிரண்டு நாள்.

மூன்றாவதாக வந்தவர் வேறு ரகம். மருந்தைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் வீட்டைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கிக் கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றினார், ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்தார், தினசரி காலண்டரின் அட்டையைத் தூக்கிப் பார்த்தார், அப்புறம் தலைமாட்டில் இருந்த சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே ஒரு கூட்டம்! "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான மருந்து மூட்டைப்பூச்சியின் முட்டையைக் கொல்லாது. முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும், அதனால் 12 முதல் 15 நாளுக்குள் இரண்டாவது தடவை அடிப்பது அதே வேலையின் பாதி, அதற்குத் தனிக் காசு கேட்டால் ஏமாற்று. இரண்டாவது, ரத்தம் குடிக்காமலே அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் செத்துவிடும் என்ற நினைப்பு வேண்டாம். மூன்றாவது, பக்கத்து வீட்டிலும் பார்க்காமல் உங்கள் வீட்டில் மட்டும் அடித்தால் அவை சுவர் வழியாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், வாடை அடங்கியதும் திரும்பி வரும்.

அதுதான் பெரிய பாடு. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டால் முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்ல அதெல்லாம் இல்லப்பா, நாங்க சுத்தபத்தமா இருக்கிறவங்க." சுத்தத்துக்கும் மூட்டைக்கும் சம்பந்தமே இல்லை, நானே கட்டிலோடு வாங்கி வந்தேன் என்று சொல்லியும் நாலு நாள் பேசவில்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் எப்படி?

கல்மண்டபம் மெஸ்:

ராயபுரத்தில் சின்ன மெஸ் நடத்துகிறேன். நமக்கு மூட்டை இல்லை, கரப்பான். அதுவும் சாக்கடையிலிருந்து வரும் பெரிய சிவப்புக் கரப்பான் இல்லை, அது வழி தவறி வருகிற விருந்தாளி, ஜல்லடை மூடி போட்டால் போய்விடும். அடுப்பு மேடையிலேயே குடும்பம் நடத்தும் சின்னப் பழுப்புக் கரப்பான்தான் ஆளைக் கொல்லும். ஒரு பெட்டை சுமக்கும் கூட்டில் 30, 40 முட்டை இருக்குமாம், பொரிக்கிற வரைக்கும் அதை வால்பக்கம் ஒட்டிக்கொண்டே திரியும். அப்புறம் எப்படித் தீரும்?

மாதாமாதம் ராத்திரியில் ஒரு கம்பெனி ஆள் வந்து அடித்துவிட்டுப் போவார். காலையில் வாடிக்கையாளர் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரத்தில்தான் மயக்கம் தெளிந்து ஒவ்வொன்றாக மேஜையில் ஊர்ந்து வரும். ஒரு நாள் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு அண்ணன் சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் காசு கொடுத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்றுவரை திரும்பி வரவில்லை.

அப்புறம் வேறு ஒருவர் ஜெல்லுக்கு மாற்றினார். சிரிஞ்சில் இருக்கும், அரிசிமணி அளவுக்குப் புள்ளி புள்ளியாக ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் ஓரம், கிரைண்டர் மோட்டார் பக்கம், அடுப்பு மேடைக்கு அடியில் என்று வைத்தார். தின்ற கரப்பான் இடுக்கில் போய்ச் சாகும், அதன் கழிவையும் பிணத்தையும் தின்று மற்றதும் சாகும். மூன்று வாரம் ஆனது. நடுவில் நான் அவசரப்பட்டுக் கடையில் விற்கிற ஸ்ப்ரேயை அடித்துவிட்டேன், ஸ்ப்ரே வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் சீந்தாது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து வைத்தார். பையன்களிடம் அந்த இடங்களைப் பினாயில் போட்டுத் துடைக்காதே என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வயதாகிவிட்டது.

ஹோட்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் பூச்சி மருந்து அடித்த ரெக்கார்டு கேட்பார். அதற்காகவே மருந்தே அடிக்காமல் வெறும் கையெழுத்துத் தாள் விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு வருடம் வாங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது. ஃபைலில் கரப்பான் இல்லை, மேடையில் இருந்தது.

பெரம்பூர் பழைய வீடு:

எங்களுடையது தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு, தேக்கு உத்தரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றது. அடுத்த கோடையில் பாத்ரூம் நிலைச்சட்டத்தில் மண் கோடு. கரையான். நான் செய்த முட்டாள்தனம், ஆள் வருவதற்கு முன்பே கோட்டை எல்லாம் சுரண்டி, துடைத்து, சுத்தமாக வைத்தேன், விருந்தினர் வருகிற மாதிரி. வந்தவர் "அது எங்கிருந்து ஏறுதுன்னு காட்டுற ரோடு சார் அது, அதையே அழிச்சிட்டீங்களே" என்றார். கோட்டை அப்படியே விடுங்கள்.

வேலை இதுதான்: சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக ஓட்டை டிரில் செய்து, மருந்தை மண்ணுக்குள் இறக்கி, ஒயிட் சிமென்ட் வைத்து அடைப்பது. ஓட்டை எல்லாம் சரியாகப் போட்டார்கள், ஒன்றைத் தவிர. அது சுவருக்குள் ஓடிய தண்ணீர்ப் பைப். ஹாலில் நீரூற்று! பிளம்பருக்குத் தனிச் செலவு, யார் கொடுப்பது என்று ஒரு வாரச் சண்டை, கடைசியில் ஆளுக்குப் பாதி. ஆனால் அந்தச் சுவரை உடைத்ததில்தான் தெரிந்தது, பைப்பின் இணைப்பு ஏற்கெனவே பல மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. கரையானுக்கு ஈரம் வேண்டும், நாங்களே தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறோம்.

காசிமேடு:

வலை வைக்கிற ஷெட்டில் பெருச்சாளி. பசை அட்டை வைத்தோம், சுண்டெலி மாட்டியது, பெருச்சாளி அட்டையையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. பூனை ஆறு இருக்கிறது, மீன் தலை தின்று தின்று எலியைப் பார்த்தால் கொட்டாவி விடுகிறது. நைலான் வலையில் ஒரு ஓட்டைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பின்ன வேண்டும். எலிக்கு நல்ல மருந்து சொல்லுங்கள், கருவாட்டுக் கடையில் மாத்திரை கிடைக்கும் என்கிறார்கள், வைக்கலாமா?

வியாசர்பாடி மருந்துக்காரன்:

14 வருடமாக இதே தொழில். காசிமேடு அண்ணே, அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைட். செங்குன்றம் அரிசி மண்டிக்காரர்களுக்குத் தெரியும், மூட்டைகளை அடுக்கி ஷீட் போட்டு மூடி, ஓரமெல்லாம் அடைத்து, பயிற்சி எடுத்தவன் வைக்க வேண்டியது. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் விஷவாயு வரும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. மூட்டைப்பூச்சிக்கு வீட்டில் ஒன்று போட்டுத் தாங்க என்று என்னிடமே கேட்பார்கள். இரட்டைக் காசு தருகிறேன் என்றாலும் போட மாட்டேன்.

2024 நவம்பரில் குன்றத்தூரில் நடந்தது ஞாபகம் இருக்கும். வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள், ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அந்த வாரம் என் வீட்டிலேயே என்னைக் கேட்டார்கள், நீயும் அதைத்தான் வைக்கிறாயா என்று. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் மருந்தின் பெயரைத் தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன். எலி கேக்கில் புரோமாடியோலோன் இருந்தால், தெரியாமல் குழந்தை தின்றுவிட்டால் டாக்டர் வைட்டமின் கே கொடுப்பார். பெயரே தெரியாவிட்டால் டாக்டர் எதைக் கொடுப்பார்?

ஆள் வந்தால் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் சாய்சதுரம் இருக்கும், சிவப்பு என்றால் கடும் விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டே வரும். பெயர் இல்லாத தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் உண்டு, 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் வருவது, அதையும் கேட்கலாம், யாரும் கேட்பதில்லை. வீட்டில் பூனை, மீன் தொட்டி, கைக்குழந்தை, ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மருந்து அடித்த பிறகு சொல்கிறார்கள், "தம்பி, உள்ரூம்ல பாட்டி தூங்குறாங்க."

வண்ணாரப்பேட்டைக்காரரே, 900 ரூபாய்க்கு வந்தவனை மட்டும் திட்டாதீர்கள். ஒரு நாளில் எட்டு வீடு முடி என்று அனுப்பினால் அவன் எங்கே கட்டிலைக் கழற்றுவான்? மாஸ்க்கே கொடுக்காமல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நான் அடித்த வருடங்கள் உண்டு.

வண்ணாரப்பேட்டை மாடிவீடு:

சரி, நீங்கள் சொல்வதும் சரிதான் அண்ணே. மீதிக் கதை: ஐந்தாம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, சத்தம் போடாமல் "அந்த ஆளோட நம்பர் இருக்கா?" என்று கேட்டார். அவர்கள் சுவிட்ச் போர்டும் எங்களுடையதும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்திருக்கிறது. நான்கு குடித்தனமும் சேர்ந்து ஒரே ஞாயிற்றுக்கிழமை அடித்தோம், பதினான்காம் நாள் இன்னொரு தடவை. மாடிப்படி முழுக்கக் கட்டில் துண்டுகள், எந்த ஸ்க்ரூ யாருடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்திருந்தார்கள். மூன்று மாதமாகக் கடி இல்லை.

ஒரே சந்தேகம். கீழ்வீட்டுத் தாத்தாவிடம் கயிற்றுக் கட்டில் ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் மருந்து அடிக்க விடவில்லை, மொட்டை மாடி வெயிலில் போட்டால் போதும் என்கிறார். போதுமா?

வியாசர்பாடி மருந்துக்காரன்:

போதாது. வெயில் பட்டால் நிழல் பக்கமாக நகர்ந்துகொள்ளும். கயிற்றை அவிழ்த்து அண்டாவில் கொதிக்கிற தண்ணீரில் முக்குங்கள், சட்டத்தில் மூலைப் பொருத்து நாலிலும் அதே தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், முட்டையும் சேர்ந்து போகும். புதுக் கயிறு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், தாத்தா ஒத்துக்கொள்வார்.