காவல் நிலையத்தில் ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினால் அது செல்லுமா?

வைகைக்கரை கேட்கிறார்:
என் அம்மாவுக்கு வயது 63. தெருவில் வட்டிக்கு விடுபவரிடம் புரோநோட்டு எழுதிக்கொடுத்து 80,000 ரூபாய் வாங்கியிருந்தார். வட்டி தவறியது உண்மைதான். போன வாரம் காவல் நிலையத்திலிருந்து போன்: "உங்கள்மீது ஒரு மனு வந்திருக்கிறது, வந்துவிட்டுப் போங்கள்." தம்பியின் ஸ்கூட்டரில் இருவரும் போனார்கள். அம்மாவை மாலைவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வட்டிக்காரருக்கு மட்டும் உதவி ஆய்வாளருக்கு எதிரே நாற்காலி. கடைசியில், "ஒரு மாதத்தில் 1,80,000 ரூபாய் தருகிறேன் என்று என் முழுச் சம்மதத்துடன் எழுதித் தருகிறேன்" என்ற தாளில் கையெழுத்து. மறுத்தால் தம்பியையும் சேர்த்து மோசடி வழக்கு என்றார்கள். ஸ்கூட்டர் இன்னும் நிலைய வாசலில் நிற்கிறது. ரசீது எதுவும் தரவில்லை. அந்தத் தாள் செல்லுமா? வண்டியை எப்படி மீட்பது?

பழைய ரைட்டர்:
தம்பி, நான் நிலைய எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். 'முழுச் சம்மதத்துடன்' என்ற சொற்றொடர் யார் வாயிலிருந்து வரும் என்பது எனக்குத் தெரியும். நிஜமாகவே சம்மதித்தவர் அப்படி எழுதுவதில்லை.

முதலில் அந்த போன். வழக்கு பதிவான பிறகு ஒருவரைச் சாட்சியாக அழைக்கவே எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும். அப்போதும் பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 179ஆவது பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் 35(3)இன்படி அறிவிப்பு தர வேண்டும். அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அம்மாவுக்கு வந்தது இரண்டும் இல்லை. முதல் தகவல் அறிக்கையே இல்லை. வெறும் மனு, ஒரு போன், ஒரு காக்கிச் சட்டை.

கூப்பிடக் கூடாதவரைத் தெரிந்தே கூப்பிடுவது குற்றம் என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 199ஆவது பிரிவு சொல்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு கடுங்காவல். அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர வழக்கமாகத் தேவைப்படும் முன் அனுமதியும் இந்தப் பிரிவுக்கு வேண்டியதில்லை. ஆனால் என் பணிக்காலத்தில் அந்தப் பிரிவில் உள்ளே போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் போன் தைரியமாக வருகிறது.

தாளுக்கு வருகிறேன். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் படியுங்கள். ஒருவரை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகச் சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பதும் வற்புறுத்தல்தான். அப்படி வாங்கிய ஒப்பந்தத்தை, கையெழுத்திட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம். வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்தான் உங்கள் முதல் சாட்சி.

இன்னொன்று, 80,000 எப்படி 1,80,000 ஆனது? தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் உதவி ஆய்வாளர் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

மளிகை மாணிக்கம்:
கடனுக்குச் சரக்குக் கொடுத்து ஏமாந்தவன் நான். நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தா. நிலையத்தில் ஒரே நாளில் பணம் வந்தது. எல்லாவற்றையும் அத்துமீறல் என்றால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

பழைய ரைட்டர்:
உங்கள் ஆற்றாமை புரிகிறது. ஆனால் அன்று உங்களுக்குப் பணம் வாங்கித் தந்த அதே மேசை, நாளை உங்கள் எதிராளி முந்திக்கொண்டால் அவருக்கு வாங்கித் தரும். கணக்கு யார் பக்கம் சரி என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. வட்டிக்காரரிடம் புரோநோட்டு இருக்கிறது. அதை வைத்துச் சுருக்க வழக்கு, அதாவது சீக்கிரம் முடியும் பண வழக்கு, போடச் சட்டமே வழி தருகிறது. அவர் ஏன் போடவில்லை? நீதிபதி வட்டி விகிதத்தைக் கேட்பார்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. எழுத்தில் புகார் கொடுத்தால் அம்மாவை மறுபடியும் அலைக்கழிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பழைய ரைட்டர்:
அந்த நிலையத்தில் கொடுக்காதீர்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியுடன். அம்மா போன தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வண்டி எண், போன் வந்த எண் எல்லாம் இருக்கட்டும். அந்தத் தாளை அம்மா ஏற்கவில்லை என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அன்றைய கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் கேளுங்கள். நிலையங்களில் கேமரா வைத்துப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. தாமதித்தால் 'கேமரா பழுது' என்று பதில் வரும்.

வண்டிக்கு, ஆர்.சி. புத்தகத்துடன் வழக்கறிஞர் மூலம் குற்றவியல் நடுவரிடம் பி.என்.எஸ்.எஸ். 503ஆவது பிரிவில் மனு. கைப்பற்றியதாக நடுவருக்கு அறிக்கை போயிருக்காது. எதற்காகப் பிடித்து வைத்தீர்கள் என்று அங்கிருந்து கேட்டால், பெரும்பாலும் அன்று சாயங்காலமே சாவியோடு போன் வரும். போய் எடுக்கும்போது எதிலும் கையெழுத்துப் போடச் சொன்னால், முழுவதும் படித்துவிட்டு, தேதியை உங்கள் கையால் எழுதிப் போடுங்கள். அம்மாவை அழைத்துப்போக வேண்டாம்.