பங்குனியில் மேல்மலையில் டென்ட்: போடலாமா, கூடாதா?

பள்ளத்தூரான்:
நண்பரும் நீங்களுமா ரெண்டு பேர், ரெண்டு ராத்திரி, கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் டென்ட் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. அதுக்குப் பங்குனியை விட்டா நல்ல மாசம் இல்லை. ரத்தம் உறிஞ்சுற அட்டை கிடையாது, பாதை வழுக்காது. மார்கழியில உறைபனி, ஐப்பசியில மழை. சித்திரை பிறந்துட்டா பள்ளிக்கூட லீவுக் கூட்டம். காரைக்குடியில வெயில் ஏறுறப்பவே கிளம்பிடணும்.

ஆத்தங்குடி வள்ளி:
அண்ணே, அட்டை ஏன் இல்லை? ஈரம் இல்லை, புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியது 2018 மார்ச் 11, இதே பருவம்தான். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஏறுகிற ஆளின் வேகமோ குறையும். அதனால் தீயைக் கண்டு மேலே ஓடவே கூடாது. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஓடைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ போக வேண்டும். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடியதும் இதற்காகத்தான்.

பள்ளத்தூரான்:
காப்புக்காட்டுக்குள்ள போகச் சொல்லலையே. பட்டா தோட்டம், உரிமையாளர் அனுமதியோட. விறகு மூட்டவே வேண்டாம். சின்ன கேஸ் அடுப்பு, அதுக்கு 230 கிராம் கேஸ் கேன் ஒண்ணு. காத்தைத் தடுத்து எரிச்சா 12 லிட்டர் தண்ணியாவது கொதிக்க வைக்கலாம். ரெண்டு பேருக்குத் தாராளம். அடுப்பைச் சுத்தி மண் தெரியச் செதுக்கிட்டா போதும்.

தேவகோட்டை ரஸ்தா:
அந்தக் கேனை எதில் கொண்டு போவது? ரயிலில் தடை. 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்ததும் உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால்தான். அடுப்பே வேண்டாம் என்பேன். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி நேரம் பிடிக்கும், நடு வேகாமல் நிற்கும், அதற்குள் கேஸ் தீரும். முதல் ராத்திரிக்குப் புளிச்சாதம். மறுநாளைக்குத் தேன்குழல், சீப்புச் சீடை, கடலை மிட்டாய், வாழைப்பழம். சீடையை டப்பாவில் வையுங்கள், பையில் போட்டால் மாவாகிவிடும்.

பள்ளத்தூரான்:
அரிசி வேண்டாம், ஒத்துக்கிறேன். ரவை, அவல் போதும். கேனை மலையடிவார ஊர்ல கிடைச்சா வாங்கிக்கலாம், இல்லேன்னா சொந்த வண்டி. ஆனா விடியக்காலைக் குளிர்ல சூடா ஒரு டம்ளர் குடிக்காம எப்படி? பியூட்டேன் மட்டும் உள்ள கேன் அந்த நேரத்துல அழுத்தம் குறைஞ்சு மந்தமா எரியும். ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே வச்சுக்குங்க.

ஆத்தங்குடி வள்ளி:
காற்றுக்குத் தகடு வைக்கிறவர்கள் கேனையும் சேர்த்து முழுக்க மூடிவிடுகிறார்கள். சூடு உள்ளேயே தங்கி, கேன் காய்ந்து வெடிக்கும். ஒரு பக்கமாவது திறந்திருக்கணும், கேனைத் தொட்டால் கை சுடக் கூடாது. மழையோ குளிரோ, டென்ட்டுக்குள் பற்றவைக்கவே கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

தேவகோட்டை ரஸ்தா:
பள்ளத்தில் டென்ட் போடாதீர்கள், குளிர்ந்த காற்று அங்கேதான் இறங்கித் தேங்கும். மேல்துணியின் காற்றுவழியை அடைத்தால் இரண்டு பேர் மூச்சும் உள்ளேயே படிந்து விடிவதற்குள் படுக்கை நனைந்துவிடும். நடக்கும் நாளில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். பங்குனியில் ஓடையை நம்பக் கூடாது.

ஆத்தங்குடி வள்ளி:
சொந்த வண்டி என்றால் கொடைக்கானலுக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கணும், அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை. பட்டா தோட்டமே ஆனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் காடு என்றால் நான் சம்மதிக்க மாட்டேன் அண்ணே. கிளம்புகிற அன்று காலையில் வனச்சரக அலுவலகத்தில் தீ நிலவரம் கேளுங்கள். எங்காவது புகை என்றால் வைகாசிக்குத் தள்ளிவையுங்கள்.