லைப்ரரி கம்ப்யூட்டர் மூணு வாரமா ஏன் டிஸ்கனெக்டட்? கண்டுபிடிச்சாச்சு

உறவுகளுக்கு வணக்கம்,

நம்ம எல்லாருக்கும் வீடியோ, ஸ்கேன் எல்லாம் அனுப்பற நம்ம ஊர் லைப்ரரி கம்ப்யூட்டர் நேத்து ராத்திரி திரும்ப வந்துருச்சு, பச்சை லைட்டு பாத்திருப்பீங்க. கும்பாபிஷேக வீடியோ வரலை, ஸ்கூல் பழைய ரிஜிஸ்டர் ஸ்கேன் வரலைன்னு மூணு வாரமா இங்க நடந்த சண்டை, கடைசியில ஊர்ல நெட் பில்லு கட்டுனீங்களா இல்லையாங்கற வரைக்கும் போயிருச்சு. பில்லு கட்டியாச்சு. லைப்ரரி தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு விலாவாரியா எழுதறேன், நாளைக்கு உங்க மிஷின்லயும் இதுல ஏதாவது ஒண்ணு வரும்.

புதுசா சேந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நாம யூஸ் பண்றது சிங்க்திங், ஒரு மிஷின்ல இருக்கற ஃபைல மத்த மிஷின்லயும் அப்படியே கொண்டு வந்து வைக்கற சாஃப்ட்வேர். 2013-ல ஸ்வீடன்காரர் யாக்கோப் போர்க் ஆரம்பிச்சது, ஃப்ரீ. நடுவுல எந்தக் கம்பெனி சர்வர்லயும் நம்ம ஃபைல் உக்காராது, லைப்ரரி மிஷின்ல இருந்து நேரா உங்க மிஷினுக்கு வரும். மாசாமாசம் வாடகை கட்ட வேணாம்னுதான் இதுக்கு மாறுனோம். ஆனா நடுவுல ஆள் இல்லாததால ஒருத்தர ஒருத்தர் தேடிப் புடிக்கறதே இதுல பாதி வேலை. உங்ககிட்ட இருக்கற அந்த 56 எழுத்து டிவைஸ் ஐடி இருக்கே, அது ஆளோட பேரு மாதிரிதான், அட்ரஸ் இல்ல. ஆள் இப்ப எங்க இருக்கார்னு எப்படித் தெரியும்? ஊருக்கு வந்தா பஸ் ஸ்டாண்டு டீக்கடையில சொல்லிட்டுப் போவோமே, "யாராவது கேட்டா மாமா வீட்ல இருக்கேன்னு சொல்லுங்க"ன்னு, அந்த டீக்கடை வேலைய பாக்கறதுதான் டிஸ்கவரி சர்வர். ஒவ்வொரு மிஷினும் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவ அங்க போய் நான் இந்த ஐபில (நெட்ல நம்ம அட்ரஸ் நம்பர்) இருக்கேன்னு சொல்லிட்டு வரும். அட்ரஸ் தெரிஞ்சும் வாசக்கதவு தெறக்கலைன்னா ரிலேன்னு ஒண்ணு, தன்னார்வலர்கள் நடத்தற மிஷின், அது வழியா சுத்திக்கிட்டு வரும். ரிலே வச்சிருக்கறவரால உள்ள என்ன ஃபைலுன்னு பாக்க முடியாது, எல்லாம் பூட்டித்தான் போகுது. ஆனா மெதுவா வரும்.

இப்ப கதைக்கு வரேன். முதல் ரெண்டு வாரம் நான் தப்பான மரத்துல ஏறிட்டு இருந்தேன், ஒத்துக்கறேன். போன மாசம்தான் லைப்ரரிக்குப் பழைய லைனை எடுத்துட்டு புது ஃபைபர் போட்டோம், அதனால சந்தேகம் பூரா அது மேலதான். தம்பிய ரவுட்டர் பேஜ போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், வேன் ஐபி, அதாவது ரவுட்டருக்கு வெளி நெட் பக்கம் குடுத்திருக்கற நம்பரு, 100.எழுபத்தி ஏதோன்னு ஆரம்பிக்குது. பாத்ததும் குதிச்சேன். 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள நம்பரு வந்தா அது சிஜிநேட், அதாவது கம்பெனிக்காரன் ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்கான்னு அர்த்தம். அதுக்குன்னே 2012-ல ஒதுக்குன நம்பர்ங்க அது. வெளியில இருந்து யாரும் உங்க வாசலுக்கு நேரா வர முடியாது, உங்க ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு (போர்ட்டுன்னா கதவு நம்பர், அதுக்கு வெளியில இருந்து வர்றத உள்ள மிஷினுக்குத் திருப்பி விடறது) எத்தனை பண்ணுனாலும் வேஸ்ட், ஏன்னா அதுக்கு மேல கம்பெனிக்காரன் ரவுட்டர் ஒண்ணு உக்காந்திருக்கு. இங்க குழுவுல நானே பெருமையா எழுதுனேன், நோய் தெரிஞ்சிருச்சுன்னு.

தெரியல. நியூஜெர்சி சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார் பாருங்க: "ஏப்பா, நேரா வர முடியலைன்னா ரிலேல வரணும்ல?" அதானே! சிஜிநேட்டா இருந்தா ஸ்லோவாத்தான் வரும், வராமயே போகாது. ஸ்லோவா வர்றது வேற நோய், ஆளையே காணோம்கறது வேற நோய், ரெண்டையும் நான் ஒண்ணா போட்டுக் குழப்பிட்டேன்.

இதுக்கு நடுவுல தம்பி வேற, "அண்ணே என் போன்ல லைப்ரரி மிஷின் கனெக்டட்னுதான் காட்டுது, யூடியூப்பும் சூப்பரா ஓடுது, உங்க சிங்கப்பூர் நெட்டப் பாருங்க"ங்கறான். அவன் சொன்னதும் பொய் இல்ல. கனெக்‌ஷன் டைப் என்ன போட்டிருக்குன்னு கேட்டா டிசிபி லேன்னு சொன்னான். லேன்னா ஒரே வைஃபைக்குள்ள பேசிக்கறது. அதுக்கு டீக்கடையே தேவையில்ல, 21027 போர்ட்ல வீட்டுக்குள்ளயே "இருக்கியா"ன்னு சத்தம் போட்டுப் புடிச்சுக்கும், வெளி நெட்டே இல்லைன்னாலும் ஓடும். யூடியூப் ஓடுனது அவன் போன்ல. லைப்ரரி கம்ப்யூட்டர்ல பிரவுசர் தெறந்து பாத்தியாடான்னு கேட்டா, "அதுல எதுக்குண்ணே பிரவுசர், ஸ்கேனர் மட்டும்தானே"ங்கறான்.

சரின்னு நேத்து எனக்கு ராத்திரி ஒம்பதரை, அங்க ஏழு மணி, வீடியோ கால் போட்டு போனை மானிட்டர் பக்கம் திருப்புடான்னேன். சிங்க்திங் ஸ்க்ரீன்ல "இந்த டிவைஸ்"ங்கற கட்டத்துல லிசனர்ஸ் (மத்தவங்க வந்து சேர்ற வழி) 2/3, டிஸ்கவரி (ஆளத் தேடற வழி) 2/5, செவப்பா. இத முதல் நாளே பாத்திருக்கணும். மூணு லிசனர்ல நேரா வர்ற வழி ரெண்டு, டிசிபியும் க்விக்கும் இருக்கு, ரிலே காணோம். அஞ்சு டிஸ்கவரில வீட்டுக்குள்ள தேடற ரெண்டு மட்டும் உசுரோட இருக்கு, வெளிய சொல்ற மூணும் காலி. அந்த செவப்பு மேல க்ளிக் பண்ணச் சொன்னேன். சர்ட்டிஃபிகேட் (அந்த சர்வர் அசல்தான்னு காட்டற அடையாள அட்டை மாதிரி) எக்ஸ்பயர்டு ஆர் நாட் யெட் வேலிட்னு வருது.

நாட் யெட் வேலிட். இன்னும் செல்லுபடி ஆகலையாம். எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு, "தம்பி, கீழ வலது மூலையில தேதி என்ன போட்டிருக்கு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அண்ணே... 2012 ஜனவரின்னு இருக்குண்ணே".

நடந்தது இதுதான். மூணு வாரத்துக்கு முன்னாடி மாதாந்திர பராமரிப்புன்னு காலைல இருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்ல. யூபிஎஸ் அரை மணி நேரத்துல படுத்துருச்சு. மதர்போர்டுல ஒரு ரூபா காசு சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, கரண்ட் இல்லாதப்ப கடிகாரத்த ஓட்டறது அதுதான். மிஷின் வாங்குன நாள்ல இருந்து மாத்தவே இல்ல, அது செத்துப்போச்சு. கரண்ட் வந்ததும் மிஷின் 2012-ல முழிச்சிருக்கு. டிஸ்கவரி சர்வருக்கும் ரிலே லிஸ்டுக்கும் போகணும்னா அவங்க சர்ட்டிஃபிகேட்ட தேதி பாத்து சரிபாக்கும், 2012-ல உக்காந்துக்கிட்டுப் பாத்தா இந்த வருசத்து சர்ட்டிஃபிகேட் எல்லாம் இன்னும் பொறக்கவே இல்ல, அதனால எதையும் நம்ப மாட்டேன்னு ஒதுங்கிருச்சு. வெளிய யாருக்கும் இது எங்க இருக்குன்னு தெரியல, இதுக்கும் நம்மள்ல யாரும் எங்க இருக்கோம்னு தெரியல. விண்டோஸ் தானா டைம் சரி பண்ணாதான்னு கேப்பீங்க. பண்ணும், ஆனா வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல போச்சுன்னா அதுவா கை வைக்காது. இங்க வித்தியாசம் பத்து வருசத்துக்கு மேல!

தேதிய கையால மாத்தி சிங்க்திங்க ரீஸ்டார்ட் பண்ணுனோம். ரெண்டு நிமிசத்துல குவைத், நியூஜெர்சி, நான், ஒவ்வொண்ணா வந்து ஒட்டிக்கிச்சு. இன்னைக்குக் காலைல பேட்டரியும் மாத்திட்டான்.

சிஜிநேட் இன்னும் இருக்கு, அதனால சில பேருக்கு ரிலேன்னுதான் காட்டும், வீடியோ 38 ஜிபி, எனக்கு வினாடிக்கு 300 கேபி வருது, கணக்குப் பாத்தா ஒன்றரை நாள். பொறுங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. யார் வீட்லயாவது ஐபிவி6 (புது வகை ஐபி) இருந்தா சொல்லுங்க, லைப்ரரி லைன்லயும் அது வருது, ரெண்டு பக்கமும் இருந்து ரவுட்டர் ஃபயர்வால்ல 22000-ங்கற போர்ட்ட (சிங்க்திங் ஃபைல் வர்ற வாசல்) விட்டா நேராவே வரும், சிஜிநேட் தொல்லை அதுல இல்ல.

போன்ல வச்சிருக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. ஆண்ட்ராய்டுக்கு இருந்த பழைய அஃபிஷியல் ஆப்ப 2024 டிசம்பரோட நிறுத்திட்டாங்க, சிங்க்திங் ஃபோர்க்குங்கற வேற ஆப்புக்கு மாறிக்கங்க. மாறுனதும் செட்டிங்ஸ்ல போய் பேட்டரி ஆப்டிமைசேஷன ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா போன் தூங்கும்போது ஆப்பையும் சேத்துத் தூங்க வச்சிரும், அப்புறம் இங்க வந்து லைப்ரரி லைன் கட் ஆயிருச்சுன்னு எழுதுவீங்க.

குவைத் மாமா, உங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு. 22000-ஐ தெறங்கன்னு எழுதுனா நீங்க ரவுட்டர்ல 8384-ஐ தெறந்து வச்சிருக்கீங்க. அது ஃபைல் வர்ற வாசல் இல்ல மாமா, செட்டிங்ஸ் பேஜு. உலகத்துல யாரு வேணா வந்து கதவத் தட்டலாம், நீங்க பாஸ்வேர்டும் வைக்கல. இத படிச்ச உடனே மூடிட்டு எனக்கு ஒரு வார்த்தை போடுங்க.

இனிமே யாருக்காவது டிஸ்கனெக்டட்னு வந்தா, அந்த லிசனர்ஸ், டிஸ்கவரி நம்பர் ரெண்டையும் போட்டோ எடுத்து, கூடவே கம்ப்யூட்டர் தேதியும் தெரியற மாதிரி அனுப்புங்க, நெட் போச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. ஃபோல்டர ரிமூவ் பண்ணி திரும்ப சேக்கற வைத்தியமும் வேணாம், ஒரு தடவ பண்ணி எல்லார்கிட்டயும் டூப்ளிகேட் வந்தது போதும்.

பேட்டரி 40 ரூபா, தம்பி கைக்காசு போட்டிருக்கான். பொருளாளர் சித்தப்பா கணக்குல எழுதிக்கங்க. புது யூபிஎஸ்ஸுக்கு யார் யார் எவ்வளவு தர்றீங்கன்னு இந்த மடல்லயே பதில் போடுங்க, என் பங்கு 2,000.