அப்பத்தாவுக்கு வந்திருப்பது பக்குவமா, சலிப்பா? சைவ சித்தாந்தம் படித்தவர்கள் சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர்.

பிள்ளையார் நோன்பு என்றால் முன்பெல்லாம் அப்பத்தா வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டிவிடுவார்கள். திரியில் 21 நூலுக்கு ஒன்று குறைந்தாலும் திட்டுதான். இந்த வருஷம் சின்னவன் இழை (நோன்பு முடிவில் அந்தத் திரியை வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் மாவு) பிசைய வைத்த மாவைத் தரையில் கொட்டிவிட்டான். "சரி விடு, வேற பிசைஞ்சுக்கலாம்" என்று சிரித்தார்கள். அதோடு, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கு ஆளனுப்பி, இழை எடுத்துக்கொள்ள வரச் சொன்னார்கள்! பிள்ளையார்பட்டிக்குப் போனாலும் இப்போது எதுவும் வேண்டிக்கொள்வதில்லை. "கேக்கத் தோணலை" என்கிறார்கள். பூஜை நேரமும் குறைந்துவிட்டது. வயசாச்சு, சலிப்பு என்கிறார் சித்தப்பா. சலித்தவர் பங்காளியைக் கூப்பிடுவாரா என்பது என் கட்சி.

கீதை 12-ஆம் அத்தியாயத்தில், 13-ஆம் சுலோகத்திலிருந்து வரும் பக்தனின் இலக்கணம் ஓரளவு புரிகிறது: எவரையும் வெறுக்காமை, புகழையும் இகழையும் ஒன்றாகக் கொள்வது. சித்தாந்தம் சொல்லும் இருவினையொப்பு (நல்வினை, தீவினைப் பயன் இரண்டையும் ஒன்றாகக் கொள்வது), மலபரிபாகம் (ஆணவம் என்னும் அழுக்கு பக்குவப்பட்டு வலிமை குறைவது), சத்திநிபாதம் (இறைவனின் அருள் உயிரில் பதிவது) ஆகியவைதான் பிடிபடவில்லை. நல்லது கெட்டது இரண்டையும் ஒன்றுபோல் ஏற்கும் மனம், அன்றாட நடத்தையில் எப்படித் தெரியும்? வெறும் விரக்தியும் வெளியே அப்படித்தானே இருக்கும்?

இன்னொன்று. பக்குவம் வந்தால் கிரியை, அதாவது பூஜை முதலான வழிபாட்டுச் செயல், தானாகக் குறையுமா? சித்தாந்தத்தின் மூலநூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம், 12-ஆம் சூத்திரத்தில், ஞானம் பெற்றவரும் ஆலயத்தை அரன் எனத் தொழுவார் என்கிறதே.

அப்புறம், திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சித்தாந்தப் பயிற்சி வகுப்பு காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இப்போது நடக்கிறதா? தெரிந்தவர்கள் நாள், நேரம் சொன்னால் சேர்ந்துகொள்கிறேன்.