குடுவையில் கிடைக்கும் விளைச்சல் பெரிய நொதிகலனில் ஏன் குறைகிறது?

கேள்வி:
ஆய்வகக் குடுவையில் நன்றாக வளர்ந்து வேண்டிய பொருளைத் தாராளமாகத் தரும் ஒரு நுண்ணுயிர், பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் நொதிகலனுக்கு (நுண்ணுயிர்களை வளர்க்கும் தொழிற்சாலைத் தொட்டிக்கு) மாற்றப்பட்டதும் விளைச்சலில் பின்தங்குவது ஏன்? நுண்ணுயிர் வளரும் ஊட்டக் கரைசல், வெப்பநிலை, அமிலத்தன்மை ஆகிய மூன்றையும் மாற்றாமல் வைத்திருந்தாலும் இப்படி நேர்கிறது என்கிறார்கள். குறை நுண்ணுயிரிலா, கலனிலா?

மறுமொழி 1:
முதலில் ஐயப்பட வேண்டியது ஆக்சிஜனைத்தான். 30 டிகிரி செல்சியசில் காற்றோடு கலந்திருக்கும் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனே கரைந்திருக்கும். செறிவாக வளர்ந்த நுண்ணுயிர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் தீர்த்துவிடும் என்பதால், செலவாகும் வேகத்திலேயே அது மீண்டும் கரைந்துகொண்டிருக்க வேண்டும். பெரிய கலனில் கலக்கியின் அருகே காற்று மிகுந்தும், தொலைவில் குறைந்தும் இருக்கும். உணவாகச் செலுத்தும் சர்க்கரைக் கரைசல் விழும் இடத்திலோ இனிப்பு மிகுந்திருக்கும். அங்கே சிக்கும் ஈ.கோலை பாக்டீரியா அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுத் தன் வளர்ச்சியைத் தானே தடுத்துக்கொள்ளும். நீங்கள் மாற்றாமல் வைத்திருந்ததாகச் சொல்லும் அளவுகள் உணரி பொருத்தப்பட்ட இடத்துக்கு மட்டுமே உரியவை.

வெப்பமும் உண்டு. கலனின் நீள, அகல, உயரங்கள் பத்து மடங்கானால் கொள்ளளவு 1000 மடங்காகிறது, வெப்பத்தை வெளியேற்றும் புறப்பரப்போ 100 மடங்குதான் கூடுகிறது. அதனால்தான் உள்ளேயே குளிர்நீர்ச் சுருள்களை அமைக்கிறார்கள்.

மறுமொழி 2:
மேற்கண்டதை ஏற்கிறேன், ஆனால் நுண்ணுயிரை முழுவதுமாக விடுவித்துவிட முடியாது. பெனிசிலின் மருந்தைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் கண்டெடுத்த பூஞ்சை திரவத்தின் மேற்பரப்பில் படர்ந்தபோது பெனிசிலினைத் தந்தது, ஆழ்கலனில் மூழ்கி வளர்ந்தபோது மிகச் சொற்பமாகவே தந்தது. 1943-இல் அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வகத்தில், பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து பிரித்தெடுத்த இனம் ஆழ்கலனுக்கு ஏற்றதாக அமைந்ததால், ஆயிரக்கணக்கான புட்டிகளை நம்பியிருந்த உற்பத்தி கலன்களுக்கு மாற வழி பிறந்தது.

தலைமுறைக் கணக்கையும் பாருங்கள். சேமிப்புக் குப்பியிலிருந்து பெரிய கலனை நிரப்பும்வரை நுண்ணுயிர் கூடுதலாகப் பல முறை பிளவுபடுகிறது. பொருளை உருவாக்கும் சுமையைத் திடீர்மாற்றத்தால் இழந்த செல்கள் வேகமாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
எனில், பெரிய கலனில் பணத்தை இறைப்பதற்கு முன்பே இதைக் கண்டறிய இயலுமா?

மறுமொழி 1:
இயலும். பெரிய கலனில் நுண்ணுயிர் படும் பாட்டைச் சிறிய கலனில் வலிந்து உண்டாக்குங்கள்: காற்றைச் சில நொடிகள் நிறுத்தித் திறந்து, சர்க்கரையை விட்டுவிட்டுச் செலுத்திப் பார்க்கலாம். அந்த அலைக்கழிப்பிலும் விளைச்சல் குறையாத இனத்தையே தேர்ந்தெடுங்கள். அமைதியான குடுவையில் முதலிடம் பெறும் இனம் அதுவாக இல்லாமலும் போகலாம்.