ஐரிஷ் கதைகளைத் தமிழ்ல எழுதும்போது, சாவு வரப்போகுதுன்னு அழற 'பேன்ஷீ'ங்கற அமானுஷ்யப் பொண்ணுக்கு என்ன சொல் போடலாம்?

> பேன்ஷீக்கு 'மரண தேவதை'ன்னு போட்டிருக்கேன், சரிதானே?

சரிப்படாதுங்க. தேவதைன்னாலே ரெக்கையும் வெள்ளை டிரெஸ்ஸும் தான் நினைப்புக்கு வரும். அயர்லாந்துல 'ஷீ'ன்னா மண்மேடு, அதுக்குள்ள குடியிருக்கற கூட்டத்துக்கும் அதே பேரு. மீத் கவுண்டில நியூகிரேஞ்ச்னு 5,000 வருஷத்துக்கு மேல பழசான கல்லறை மேடு இருக்கே, அதையே தாக்தா, அவர் மகன் ஏங்கஸ்னு பழைய தெய்வங்களோட வீடுன்னு கதைகள்ல சொல்றாங்க. 'பேன்'னா பொண்ணு.

> அப்போ நேரா 'மேட்டுப்பெண்'?

வேணாம் சாமி, பாதிப்பேரு மாட்டுப்பெண்ணுன்னு படிச்சுட்டு மருமகளைத் தேடுவாங்க. மொத்தக் கூட்டத்துக்கு 'மேட்டுக்குடி'யும் ஆகாது, அது பங்களாக்காரங்க. 'மேடுறையார்' பரவால்ல.

> இசக்கி, மோகினி?

அதுங்க ஆளையே அடிச்சிடும். பேன்ஷீ யாரையும் தொடமாட்டா, சாவு வரப்போற வீட்டுப் பக்கம் ராத்திரி அழுதுட்டுப் போவா, அதுவும் பேருக்கு முன்னாடி ஓ, மாக் வர்ற பழைய குடும்பங்களுக்குத்தான்னு சொல்வாங்க. முடியை விரிச்சுப் போட்டு சீவிட்டு இருப்பாளாம், அவ சீப்பை எவனாவது எடுத்துட்டு வந்துட்டா ராத்திரி ஜன்னலாண்ட வந்து கத்துவா, வெறுங்கையால நீட்டக்கூடாது, அடுப்புக் கிடுக்கில பிடிச்சு வெளிய நீட்டணும், திரும்ப உள்ள இழுத்தா கிடுக்கி வளைஞ்சு கிடக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

அங்க சாவு வீட்டுல கூலி வாங்கிட்டு அழற பொம்பளைங்களும் ஒரு காலத்துல இருந்தாங்க, அதனால 'ஒப்பாரிக்காரி'ன்னு எழுதத் தோணும். ஆனா ஒப்பாரி செத்த பிறகு, இவ அழறது சாவுக்கு முன்னாடி. என் ஓட்டு 'ஓலக்காரி'.

இன்னொண்ணு, அந்த ஊர்க்காரங்க மேடுறையாரை நேராப் பேர் சொல்லமாட்டாங்க, கோவம் வந்துடும்னு 'நல்ல ஜனங்க'ம்பாங்க, நாம நல்ல பாம்புங்கற மாதிரி. கதைல பேச்சு வர்ற இடத்துல அப்படியே போடுங்க.

> மேடுறையார் ஒரு ஆளைத் தூக்கிட்டு அதே மாதிரி வேற ஒண்ணை வெச்சிட்டுப் போவாங்களே, அதுக்கு 'மாற்றுப்பிள்ளை'?

பிள்ளை மட்டும் இல்லீங்க, பெரியவங்களையும் மாத்துவாங்கன்னு நம்பினாங்க. 1895ல டிப்பரரி பக்கம் பிரிட்ஜெட் கிளியரிங்கற பொண்ணை, இவ என் பொண்டாட்டியே இல்ல, மாத்தி வெச்சதுன்னு புருஷனே எரிச்சுக் கொன்னான், ஜெயிலுக்கும் போனான். அதனால சொல்லு சின்னப் பிள்ளை வெளையாட்டு மாதிரி தொனிக்கக் கூடாது. 'மாற்றாள்'னா சக்களத்தி ஆயிடும். 'ஆள்மாறி'ன்னு ஒண்ணு தோணுது, ஆனா காதுக்கு முழுசா ஒட்டல. யாராவது வேற சொல்லுங்க. ஐரிஷ் கதைகள்ல வர்ற குட்டி மனுஷன் லெப்ரகானை மட்டும் அப்படியே விட்டுடலாம், அது எல்லாருக்கும் பழகிடுச்சு.