அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் டெக்சாஸ் சாப்பர் 2006: கம்பெனி மூடியாச்சு, வண்டியை வாங்கலாமா?

புறவழிச்சாலை:
டாலஸ் பக்கம் அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் கம்பெனியோட 2006 மாடல் டெக்சாஸ் சாப்பர் பைக் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. எஸ் அண்ட் எஸ் கம்பெனியோட 117 கன அங்குல இன்ஜின், சூப்பர் ஜி கார்புரேட்டர். ரெண்டு வருஷமா ஷெட்டில் நின்ற வண்டி. பார்த்ததில் நாலு விஷயம் இடிக்குது. பட்டன் அழுத்தினா ‘டக்’னு அடிச்சு அரைச் சுற்றில் நின்னுடுது, ஜம்ப் கொடுத்தா ஸ்டார்ட் ஆகுது. த்ராட்டிலை லேசா திறந்தா கார்புரேட்டர் வழியா திருப்பி வெடிக்குது. ஓடின கொஞ்ச நேரத்தில் ப்ரீதர் (இன்ஜின் உள்காற்று வெளியேறுற வழி) வழியா ஆயில் கக்குச்சு. இடது இண்டிகேட்டர் நினைச்சா எரியுது, நினைச்சா இல்லை. நம்பி இறங்கலாமா?

கிளட்ச்கேபிள்:
இன்ஜினை நினைச்சு பயப்பட வேண்டாம். ஃபோர்ட் வொர்த்தில் 1995-ல் தொடங்கி 2008-ல் மூடின கம்பெனி அது, ஆனா இன்ஜின் அவங்க செய்தது இல்லை. விஸ்கான்சினில் இருக்கிற எஸ் அண்ட் எஸ் இன்னைக்கும் நடக்குது. பிஸ்டன், கேஸ்கெட், லிஃப்டர் எல்லாம் கிடைக்கும். வெளியில் வாங்கிப் பூட்டின பொருளுக்கு வழி உண்டு. டேங்க், மட்கார்ட், ஃப்ரேம், பக்கவாட்டு மூடிகள் மாதிரி அந்த வண்டிக்குன்னே வடிவமைச்சதுக்குத்தான் வழி இல்லை. அதனால் பாதி நேரத்தை அங்கே செலவு பண்ணுங்க.

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு உள்ளே துரு இருக்கான்னு பாருங்க. டேங்க் மவுண்ட் காதுகள், ஸ்டியரிங் நெக் (முன் ஃபோர்க் சேர்ற ஃப்ரேம் கழுத்து) வெல்டிங், பின் மட்கார்டு தாங்கிகள், இன்ஜின் மவுண்ட் இந்த நாலு இடத்தையும் துணியால் துடைச்சு விரல் நகத்தால் தடவுங்க. பெயிண்டில் முடி மாதிரி கோடு வெல்டை ஒட்டியே ஓடினா அது வெறும் பெயிண்ட் விரிசலா இருக்க வாய்ப்பு குறைவு. நெக்கில் அப்படி ஒரு கோடு கண்டா விலை பேசவே வேண்டாம், திரும்பிடுங்க.

இரட்டைச்சிலிண்டர்:
உங்க நாலு குறையில் இண்டிகேட்டர் தவிர மற்ற மூணையும் சொல்றேன்.

ஸ்டார்ட்டர்: முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, ஸ்டார்ட்டர் சுத்தும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. அடுத்து எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் கேஸிலும் வச்சு பட்டன் அழுத்துங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினா எர்த் மோசம். இந்த மாதிரி வண்டிகளில் ஃப்ரேமில் பவுடர் கோட்டிங் தடிமனா இருக்கும். எர்த் கேபிள் அதுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். சுரண்டி வெறும் உலோகம் தெரிய வச்சு முடுக்கணும். சிலிண்டர் ஹெட்டில் கம்ப்ரஷன் ரிலீஸ் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைக்கிற) பட்டன் இருந்தா ரெண்டையும் அழுத்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். இன்ஜின் பிடிச்சதும் அதுவா வெளியே வந்திடும். அழுத்தாமலே, அதுவும் பலமில்லாத பேட்டரியோட பல தடவை முயற்சி பண்ணியிருந்தா கிளட்ச் பாஸ்கெட்டில் இருக்கிற ரிங் கியர் பல் தின்னப்பட்டிருக்கும். அதைப் பார்க்காம பணம் கொடுக்காதீங்க.

இன்னொன்று: ஓடுகிற கார்லேர்ந்து ஜம்ப் எடுக்காதீங்க. கார் இன்ஜினை நிறுத்திட்டு எடுங்க, இல்லேன்னா வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் போக வாய்ப்பிருக்கு.

ஆயில் கக்குறது: நின்ற வண்டிக்கு வர்ற வழக்கமான சங்கதி. ஆயில் பம்ப்பில் இருக்கிற செக் பால் (ஆயில் தானா இறங்காம தடுக்கிற சின்ன உருண்டை) சரியா அடைக்காம, ஆயில் டேங்க்கில் இருக்கிறது மெதுவா கிராங்க்கேஸுக்குள் (இன்ஜின் அடிப்பகுதி) இறங்கிடும். ஸ்டார்ட் பண்ணினதும் மிச்சம் ப்ரீதர் வழியா வெளியே வரும். ஆபத்து எங்கேன்னா, டிப்ஸ்டிக்கில் குறைவா தெரியுதேன்னு யாராவது மேலே ஊத்திடுவாங்க. விக்கிறவர் ஊத்தினாரான்னு கேளுங்க. ஆயில் டேங்க், கிராங்க்கேஸ் ரெண்டையும் வடிச்சு, புது 20டபிள்யூ-50 ஊத்தி, சூடானதும் அளவு பார்க்கணும். சில நாளிலேயே மறுபடி இறங்கினா செக் பாலையும் ஸ்ப்ரிங்கையும் கழற்றிச் சுத்தம் பண்ணணும்.

திருப்பி வெடிக்கிறது: கலவையில் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி மேனிஃபோல்டில் (கார்புரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கிற குழாய்) காற்று கசியுதான்னு பாருங்க. ஐடிலில் ஓடும்போது ரெண்டு ஹெட்டும் மேனிஃபோல்டும் சேர்ற இடத்தில் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரைத் தூவுங்க. சத்தம் மாறினா சீல் போயிருக்கு. மாறலைன்னா கார்புரேட்டரின் இன்டர்மீடியட் ஜெட்டில் (பெட்ரோல் போற சின்னத் துளை) பழைய பெட்ரோல் கோந்தாகி அடைச்சிருக்கும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும், கம்பி விட்டுக் குத்தாதீங்க, துளை பெரிசாயிடும். இன்ஜினை நிறுத்திட்டு த்ராட்டிலைத் திருகிப் பாருங்க. ஆக்சிலரேட்டர் பம்ப் முனையிலிருந்து பெட்ரோல் பீச்சி அடிக்கணும். கலவைத் திருகை மெதுவா உட்கார வச்சு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தா ஆரம்ப செட்டிங்.

ரிலேபாக்ஸ்:
இண்டிகேட்டர் விஷயத்தை அலட்சியம் பண்ணாதீங்க. இதில் சாதாரண ஃப்ளாஷர் ரிலே கிடையாது. ஸ்விட்ச் எல்லாம் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும், அங்கிருந்துதான் விளக்கு, ஹார்ன், ஸ்டார்ட்டர் எல்லாத்துக்கும் கரன்ட் பிரியும். விளக்கின் எர்த், கைப்பிடி ஸ்விட்சில் ஈரம், பெட்டியின் கனெக்டரில் பச்சை பூத்த உலோக முனை, இந்த மூணும் சரியா இருந்தும் விட்டு விட்டு எரிஞ்சா பெட்டியேதான். அப்போ மோட்டோகேட்ஜெட் எம்-யூனிட் மாதிரி வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டியைப் போட்டு வயரிங்கை மறுபடி இழுக்கணும். செய்யக்கூடிய வேலைதான், ஆனா கூலி பொருளை விட அதிகம் ஆகும். விலையில் அதைக் கழிச்சுக்குங்க.

சார்ஜிங்கையும் பாருங்க. 2000 ஆர்பிஎம்முக்கு மேல் பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வரணும். வரலைன்னா ரெகுலேட்டர் ப்ளக்கைக் கழற்றி, ஸ்டேட்டர் (கரன்ட் உண்டாக்குற சுருள்) முனை ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவே ஓம் (மின்தடை) பாருங்க. தொடர்பு காட்டினா ஸ்டேட்டர் எரிஞ்சிருக்கு.

புறவழிச்சாலை:
மறுபடி போய் அளந்தேன். சும்மா 12.3, சுத்தும்போது 8.4. எர்த் 0.9 காட்டுது. ஸ்டார்ட் ஆனபிறகு 14.2. ரிங் கியர் பல் நல்லா இருக்கு. நெக்கில் விரிசல் இல்லை. விக்கிறவர் அரை குவார்ட் (சுமார் அரை லிட்டர்) ஆயில் ஊத்தினது உண்மைதான்.

இரட்டைச்சிலிண்டர்:
அப்போ பேட்டரியும் எர்த்தும்தான். ஆயிலுக்கும் விடை கிடைச்சாச்சு. இன்ஜின் பக்கம் எனக்குத் தயக்கம் இல்லை.

கிளட்ச்கேபிள்:
பேப்பர் பாக்கி. நெக்கில் இருக்கிற விஐஎன் (வண்டி அடையாள எண்) டைட்டிலோட (உரிமைச் சான்று) எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். பத்தாவது எழுத்து 6-ஆ இருந்தா 2006 மாடல். டைட்டிலில் கம்பெனி பெயர் இருக்கணும். ‘அசெம்பிள்டு’ன்னு இருந்தா யாரோ பார்ட்ஸ் சேர்த்துக் கட்டின வண்டி, இன்ஷூரன்ஸும் மறுவிற்பனையும் சிக்கல். கடன் பாக்கி போட்டிருந்தா, கடன் கொடுத்தவர் தந்த விடுவிப்புக் கடிதம் இல்லாம பணம் தராதீங்க. இன்ஷூரன்ஸை ஒப்புக்கொண்ட மதிப்பு (தொகையை முன்கூட்டியே பேசி முடிவு பண்ற) முறையில் எடுங்க. இல்லேன்னா விபத்தில் தேய்மானம் கழிச்ச தொகைதான் கைக்கு வரும்.

பின் டயர் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்குற எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரான வாரமும் வருஷமும். டயரில் எவ்வளவு பட்டன் (மேல் வரிப்பள்ளம்) மிச்சம் இருந்தாலும் பழசுன்னா மாத்தணும். அவ்வளவு அகலமான அளவுக்கு இப்போ டயர் கிடைக்குதான்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிங்க. பின் சக்கரத்தை ஓட்டுற பெல்ட்டில் அச்சிட்ட நம்பரையும் போட்டோ எடுத்துக்குங்க, மாத்த வேண்டி வந்தா தேவைப்படும்.

தேரோட்டி:
இடையில் ஒரு கேள்வி. பின்னாளில் இதை இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியுமா?

ரிலேபாக்ஸ்:
முடியாது. மிகப் பழைய விண்டேஜ் வண்டிகளைத் தவிர, மூணு வருஷத்துக்கு மேல் பழைய வண்டியை இறக்குமதி பண்ண விதி அனுமதிக்கலை.

புறவழிச்சாலை:
டயர் 2013-ல் தயாரானது. டயர், பேட்டரி, வயரிங் கூலி மூணையும் கழிச்சு விலை சொல்லப்போறேன். டைட்டில் சுத்தமா இருக்கு, விஐஎன் ஒத்துப்போகுது.

கிளட்ச்கேபிள்:
சரி. ஆனா அந்த டயரோட வீட்டுக்கு ஓட்டிட்டு வராதீங்க, டிரெய்லரில் ஏத்துங்க. ஸ்ட்ராப்பை ஹேண்டில்பாரில் போடாம கீழ் ட்ரிபிள் ட்ரீயில் (முன் ஃபோர்க்கைப் பிடிக்கிற தாங்கி) மாட்டுங்க.